இரத்தம் கூறும் சாட்சி

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நாங்குநேரி வட்டாரத்துக் குளங்களில் நீர் ஏறத் தொடங்கும். அதே நாட்களில் மருத்துவமனை வாயிலில் இருமுவோர் வரிசையும் நீளும். அவ்வரிசையில் நிற்போரில் பலர் மருத்துவரைக் கேட்பது ஒன்றுதான்: "ரத்தத்த டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டா என்ன சீக்குன்னு தெரிஞ்சிரும்லா, டாக்டர்?"

நியாயமான கேள்விதான். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது நுரையீரல் வழியாகச் சென்றே திரும்புகிறது. ஆகவே நுரையீரலில் நடப்பது இரத்தத்தில் தெரியும் என்று எண்ணுவதில் பிழையில்லை. ஆனால் நோயின் பெயரே இரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? எழுதப்பட்டிருந்தால் மருத்துவர் நோயாளியிடம் பத்துக் கேள்விகள் கேட்பதும், முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுத்து விடச் சொல்வதும் எதற்கு?

இதற்கு விடை காண நம் நாட்டிலேயே நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் உதவும். ஓர் இரத்தப் பரிசோதனை, காசநோய் என்று தவறாகக் கருதப்பட்ட பலரை அந்தப் பெயரிலிருந்து மீட்டது. வேறோர் இரத்தப் பரிசோதனை, காசநோய் இல்லாதவர்களுக்கும் அந்தப் பெயரைச் சூட்டியது. முடிவில் அரசாங்கமே அதனைத் தடை செய்தது. இரண்டும் இரத்தப் பரிசோதனைகளே. ஒன்று வென்றதும் மற்றொன்று தோற்றதும் ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூன்று பேர், ஒரே இருமல்

ஒரு மருத்துவரிடம் ஒரே காலையில் மூன்று பேர் வருவதாகக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாமவர் 60 வயது விவசாயி. மூன்று நாட்களுக்கு முன் குளிர் நடுக்கத்துடன் திடீரென்று காய்ச்சல் கண்டது. மூச்சை இழுத்தால் வலப்பக்க மார்பில் குத்துகிறது. சளி துரு நிறத்தில் வருகிறது.

இரண்டாமவன் பத்தாம் வகுப்பு மாணவன். முதலில் மூக்கொழுகலும் தொண்டைக் கரகரப்பும் வந்தன, பிறகு இருமல். வீட்டில் தங்கைக்கும் பாட்டிக்கும் இதே தொல்லை.

மூன்றாமவர் 25 வயது இளைஞர். இரண்டு மாதமாக இருமல். இரவில் அது கூடுகிறது, மூச்சு இரைக்கிறது. மாலையில் இலேசான காய்ச்சல். உடல் எடையும் குறைந்திருக்கிறது. எக்ஸ்-ரே படத்தில் இரு நுரையீரல்களிலும் தினையை இறைத்தாற்போல் சிறுசிறு புள்ளிகள் தெரிகின்றன.

மூவருக்கும் இருமல்தான். ஆனால் மருத்துவர் அவர்கள் கூறுவதைக் கேட்டு, தொட்டு, தட்டி, மூச்சொலி கேட்ட உடனேயே மூன்று வெவ்வேறு ஐயங்கள் அவர் மனத்தில் எழுகின்றன. முதலாமவருக்குப் பாக்டீரியாவினால் வரும் நிமோனியாவா? இரண்டாமவனுக்கு வைரஸ் சளியா? மூன்றாமவருக்குக் காசநோயா, அல்லது அதைப்போல் தோன்றும் வேறொன்றா? இந்த ஐயங்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதுகிறார். ஐயம் முதலில் வருகிறது. பரிசோதனை பின்னால் வருகிறது. இந்த வரிசையை நினைவில் கொள்ளுங்கள்.

வெள்ளணுக்களின் கணக்கெடுப்பு

நம் உடலில் கிருமிகளை எதிர்க்கும் படைவீரர்கள் வெள்ளணுக்கள். நலமுள்ள ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். ஒரு கன மில்லிமீட்டர் என்பது குண்டூசித் தலையளவே. அதில் உள்ள ஆயிரக்கணக்கான அணுக்களை எப்படி எண்ணுகிறார்கள்?

இன்று பெரிய பரிசோதனைக்கூடங்களில் இயந்திரங்கள் எண்ணிவிடுகின்றன. கையால் எண்ணும் பழைய முறையோ நம் வகுப்புக் கணக்கைப் போன்றது. ஒரு பங்கு இரத்தத்தை 20 பங்காகும் வரை ஒரு திரவத்தில் கலந்து நீர்க்கச் செய்வார்கள். அத்திரவத்திலுள்ள அசெட்டிக் அமிலம் சிவப்பணுக்களைக் கரைத்துவிடும். வெள்ளணுக்கள் மட்டும் எஞ்சும். இக்கலவையைக் கட்டங்கள் வரையப்பட்ட கண்ணாடித் தட்டில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நான்கு மூலைப் பெரிய கட்டங்களில் அடங்கும் திரவம் 0.4 கன மில்லிமீட்டர். அவற்றில் உள்ள அணுக்களை எண்ணி, 20-ஆல் பெருக்கி, 0.4-ஆல் வகுத்தால் விடை கிடைக்கும். அதாவது, எண்ணி வந்த தொகையை 50-ஆல் பெருக்கினால் போதும். நான்கு கட்டங்களிலும் சேர்த்து 160 அணுக்கள் இருந்தால் 8,000 வெள்ளணுக்கள்.

மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. வெள்ளணுக்கள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகத் தேய்த்து, சாயமேற்றிப் பார்த்தால் ஐந்து இனங்கள் தெரியும். அவற்றுள் மூன்று நமக்கு இங்கே முக்கியமானவை.

நியூட்ரோபில்கள் பெரும்பான்மையினர், நூற்றுக்கு 40 முதல் 75 வரை இருப்பார்கள். பாக்டீரியா நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிச் சென்று அவற்றை விழுங்குபவர்கள் இவர்களே. லிம்போசைட்டுகள் நூற்றுக்கு 20 முதல் 45 வரை. வைரஸை எதிர்ப்பதிலும் எதிர்ப்பொருள்களைத் தயாரிப்பதிலும் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஈசினோபில்கள் சிறுபான்மையினர், நூற்றுக்கு 1 முதல் 6 வரைதான். ஈயோசின் என்னும் சாயத்தை ஏற்று இவற்றின் துகள்கள் பளிச்சென்று சிவப்பதை 1879-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் கண்டறிந்தார். ஈயோஸ் என்பது கிரேக்கர்களின் விடியல் தேவதையின் பெயர். விடியற்கால வானத்தின் சிவப்பே அச்சாயத்தின் பெயரிலும் இருக்கிறது. புழுக்களை எதிர்ப்பதும், ஒவ்வாமையின்போது பெருகுவதும் இவ்வணுக்களின் இயல்பு.

நம் மூன்று நோயாளிகளின் அறிக்கையும் வந்துவிட்டதாகக் கொள்வோம். விவசாயிக்கு வெள்ளணுக்கள் 18,000. அவற்றுள் நியூட்ரோபில்கள் நூற்றுக்கு 88. பாக்டீரியாவுடன் போர் நடப்பதால் எலும்பு மஜ்ஜை புதிய படைகளை அவசரமாக அனுப்பியிருக்கிறது. நிமோனியா என்ற ஐயம் வலுக்கிறது. மாணவனுக்கு மொத்தம் 6,500. எல்லாம் இயல்பான அளவில் உள்ளன. வைரஸ் சளி என்ற எண்ணத்துக்கு இது பொருந்துகிறது.

இளைஞருக்கோ மொத்தம் 16,000. அதில் ஈசினோபில்கள் மட்டும் நூற்றுக்கு 50! அதாவது ஒரு கன மில்லிமீட்டருக்கு 8,000. நலமுள்ளவருக்கு இது 500-ஐத் தாண்டுவது அரிது. காசநோயில் இப்படி நேர்வதில்லை. அப்படியானால் இது என்ன?

மதனப்பள்ளியில் அவிழ்ந்த புதிர்

இதே கேள்வியை 80 ஆண்டுகளுக்கு முன்பே சிலர் கேட்டார்கள். இன்று ஆந்திர மாநிலத்தில் இருக்கும் மதனப்பள்ளி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அதன் அருகே ஆரோக்கியவரம் என்னுமிடத்தில் 1915 முதல் ஒரு காசநோய் மருத்துவமனை இயங்கி வந்தது. தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் அங்கே சென்றார்கள். டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலர் அதன் தலைமை மருத்துவராகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்தான். ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு இவையே சிகிச்சை. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் தங்க வேண்டும். ஊரில் அந்தக் குடும்பத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்கவும் தயங்குவார்கள். ஆகவே ஒருவருக்குக் "காசநோய்" என்று பெயரிடுவது அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிடும் தீர்ப்பு.

இருமலும் காய்ச்சலும் எடைக்குறைவும் கொண்ட சிலரின் எக்ஸ்-ரே படங்கள் காசநோயையே காட்டுவன போல இருந்தன. ஆனால் அவர்களுடைய நோய் காசநோயின் போக்கில் செல்லவில்லை. இரத்தத்தை எண்ணிப் பார்த்தபோது ஈசினோபில்கள் மிகப் பெருகியிருந்தன. ஃபிரிமோட் மோலரும் அவருடன் பணியாற்றிய பார்ட்டனும் இதனை "ஈசினோபில் மிகுதியுடன் கூடிய போலிக் காசநோய்" என்ற பொருள்படும் தலைப்பில் 1940-இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். 1943-இல் வைன்கார்ட்டன் என்னும் மருத்துவர் இதற்கு "வெப்பமண்டல ஈசினோபீலியா" என்று பெயரிட்டார். பெயர் கிடைத்துவிட்டது, காரணம் இன்னும் கிடைக்கவில்லை.

காரணத்தைக் கண்டறிவதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவரும் இந்நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க்கணு ஆகியவற்றிலிருந்து எடுத்த சிறு திசுத் துண்டுகளில் யானைக்கால் நோய்ப் புழுவின் நுண்ணிய குஞ்சுகளைக் கண்டார்கள். 1960-இல் இதனை வெளியிட்டார்கள்.

நடப்பது இதுதான். கொசுக்கடியின் வழியே யானைக்கால் புழு உடலில் புகுகிறது. தாய்ப்புழு நிணநீர்க் குழாய்களில் தங்கிக் குஞ்சுகளை இரத்தத்தில் விடுகிறது. பெரும்பாலோருக்கு இக்குஞ்சுகள் இரவில் இரத்தத்தில் உலவுகின்றன. மிகச் சிலருடைய உடலோ இவற்றை அளவுக்கு மீறிய சீற்றத்துடன் எதிர்க்கிறது. குஞ்சுகள் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி அழிகின்றன. அங்கே ஈசினோபில்கள் கூட்டமாகத் திரள்கின்றன. இருமலும் இரைப்பும் எக்ஸ்-ரே புள்ளிகளும் அதனால் வருகின்றன. இவர்களின் இரத்தத்தில் இரவில் தேடினாலும் புழுக்குஞ்சு அகப்படுவதில்லை. குற்றவாளி தலைமறைவு, ஈசினோபில்கள்தான் சாட்சி.

இந்நோய்க்கு டைஎத்தில் கார்பமசின் என்னும் யானைக்கால் நோய் மாத்திரையே மருந்து. சில வாரச் சிகிச்சையில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். மலிவான ஓர் அணுக்கணக்கு, மாதக்கணக்கான தவறான சிகிச்சையிலிருந்து அவர்களைக் காப்பாற்றுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ஊர்களில் இளைப்பு உள்ள எவரையும் "அவருக்கு ஈஸ்னோபீலியா" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் அது அணுக்கணக்கின் பெயர். ஆஸ்துமாவிலும், குடலில் கொக்கிப்புழு இருந்தாலும், சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஈசினோபில்கள் கூடும். இரவு இருமல், எக்ஸ்-ரே, யானைக்கால் நோய் உள்ள பகுதியில் வசித்தது, மிக உயர்ந்த எண்ணிக்கை, புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஆகிய சாட்சிகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும்போதுதான் தீர்ப்பு நிற்கும்.

வீழும் சிவப்பணுக்களும் எழும் புரதமும்

அறிக்கையில் அடிக்கடி காணும் இன்னொரு சொல் இ.எஸ்.ஆர். உறையாமல் செய்த இரத்தத்தை உயரமான மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்தினால் சிவப்பணுக்கள் மெல்லக் கீழே படியும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்பதே இந்த அளவு. உடலில் அழற்சி இருந்தால் பிளாஸ்மாவில் பைபிரினோஜன் முதலிய புரதங்கள் கூடுகின்றன. அப்போது சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கினாற்போல் ஒட்டிக்கொள்கின்றன. அடுக்கு கனமானது, எனவே விரைவாக இறங்குகிறது. காசநோயில் இவ்வளவு உயரும். ஆனால் இரத்தசோகையிலும், கர்ப்ப காலத்திலும், மூட்டு வாதத்திலும், முதுமையிலும் உயரும். "எங்கோ புகைகிறது" என்று மட்டும் இது சொல்லும்; எந்த வீட்டு அடுப்பு என்று சொல்லாது.

இதைவிட விரைவான அளவுகோல் சி.ஆர்.பி. என்னும் புரதம். இதன் கதையே மார்பு நோயில்தான் தொடங்குகிறது. 1930-இல் நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த "சி" என்னும் பொருளுடன் அவ்விரத்தம் வினை புரிந்து வீழ்படிவு தந்தது. நோயாளிகள் குணமானதும் அந்தப் பண்பு மறைந்துவிட்டது! வினை புரிந்த புரதமே பிற்காலத்தில் "சி-யுடன் வினைபுரியும் புரதம்" என்று பெயர் பெற்றது.

இப்புரதத்தைச் செய்வது கல்லீரல். தொற்று ஏற்பட்ட ஏறத்தாழ 6 மணி நேரத்தில் இது உயரத் தொடங்கி, 2 நாட்களில் உச்சத்தை அடைகிறது. நலமுள்ளவருக்கு ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் இருக்கும். கடுமையான பாக்டீரியா நிமோனியாவில் 100 மில்லிகிராமையும் தாண்டிச் செல்லும். சாதாரண வைரஸ் சளியில் பெரும்பாலும் அவ்வளவு உயர்வதில்லை. அழற்சி அடங்கினால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஆகவே மருந்து வேலை செய்கிறதா என்று அறியவும் இது பயன்படுகிறது.

இதனால் என்ன நன்மை? ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யா. தேவையின்றி அவற்றைத் தின்றால் எஞ்சும் பாக்டீரியாக்கள் அம்மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகுகின்றன. நாளை உண்மையான நிமோனியா வரும்போது மருந்து பலிக்காமல் போகும். இங்கிலாந்தில் அரசு சார்ந்த மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2014-இல் ஒரு நெறியை வெளியிட்டது. நோயாளியைப் பரிசோதித்த பின்னும் மருத்துவருக்கு ஐயம் தீராவிட்டால் சி.ஆர்.பி. பார்க்கலாம், 20-க்குக் கீழ் இருந்தால் வழக்கமாக ஆன்டிபயாடிக் வேண்டாம், 100-க்கு மேல் இருந்தால் கொடுக்கலாம், இடையில் இருந்தால், நிலைமை மோசமானால் மட்டும் பயன்படுத்தும்படி சீட்டை எழுதிக் கொடுக்கலாம் என்பது அந்நெறி. "பரிசோதித்த பின்னும் ஐயம் தீராவிட்டால்" என்ற சொற்களைக் கவனியுங்கள்.

எண்கள் ஏமாற்றுவதும் உண்டு. முதியவர்களுக்குக் கடும் நிமோனியாவிலும் வெள்ளணுக்கள் கூடாமல் இருக்கலாம். டைபாய்டு பாக்டீரியாவால் வருவதே. ஆயினும் அதில் வெள்ளணுக்கள் குறையக்கூடும். ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவருக்குக் கிருமியே இல்லாமல் நியூட்ரோபில்கள் உயரலாம். பாக்டீரியா நோயைச் சுட்டும் புரோகால்சிடோனின் என்னும் இன்னொரு பொருளை 1993-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் அறிவித்தபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2019-இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட நெறி என்ன கூறுகிறது? நோய்க்குறிகளும் எக்ஸ்-ரேயும் நிமோனியாவைக் காட்டினால், அப்பொருளின் அளவு குறைவு என்பதற்காக ஆன்டிபயாடிக் மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது!

தடை செய்யப்பட்ட பரிசோதனை

இப்போது இரண்டாவது நிகழ்ச்சிக்கு வருவோம். காசநோயை உறுதிப்படுத்தச் சளியில் கிருமியைத் தேட வேண்டும். சளி எடுப்பது சிலருக்கு எளிதன்று. சோதிப்போருக்கும் பொறுமை வேண்டும். இதற்குப் பதிலாக இரத்தத்தில் காசநோய்க் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தால் என்ன? கேட்க எளிய யோசனைதான். இவ்வகைப் பரிசோதனைப் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் பரிசோதனைகள் இப்படி நடந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பெரும்பாலும் நோயாளியின் கைப்பணம்.

உலக சுகாதார நிறுவனம் 94 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. அவற்றுள் 67 நுரையீரல் காசநோய் பற்றியவை. முடிவு கவலைக்குரியதாக இருந்தது. காசநோய் உள்ளவர்களில் பலரை இப்பரிசோதனைகள் தவறவிட்டன. இல்லாதவர்களில் பலரைக் குற்றம் சாட்டின. 2011 ஜூலையில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாமென்று அந்நிறுவனம் அறிவித்தது. 2012 ஜூனில் இந்திய அரசு இவற்றின் உற்பத்தி, விற்பனை, இறக்குமதி, பயன்பாடு ஆகிய அனைத்தையும் தடை செய்தது.

ஏன் தோற்றன? எதிர்ப்பொருள் என்பது உடலின் நினைவுக் குறிப்பு. "இந்தக் கிருமியை, அல்லது இதன் உறவினரை, எப்போதோ சந்தித்தேன்" என்றுதான் அது சொல்லும். நம் நாட்டில் காசநோய்க் கிருமி உடலில் உறங்கிக் கிடந்தும் நோயின்றி வாழ்பவர்கள் ஏராளம். மண்ணிலும் நீரிலும் அக்கிருமியின் தீங்கற்ற உறவினங்களும் உண்டு. எனவே எதிர்ப்பொருள் இருப்பது இன்றைய நோய்க்குச் சான்றாகாது. மறுபுறம், நோய் முற்றி மெலிந்தவர்களின் உடல் போதிய எதிர்ப்பொருளைச் செய்யாமலும் போகலாம். நோயில்லாதவர் ஆறு மாதம் கடுமையான மருந்துகளைத் தின்று கல்லீரலைக் கெடுத்துக்கொள்வார். நோயுள்ளவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டாருக்குப் பரப்பிக்கொண்டிருப்பார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பரிசோதனை ஓரளவு நன்றாக இருந்தாலும்கூடத் தவறு நேரும் விதத்தை ஒரு கணக்கால் அறியலாம். இவ்வெண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்பவை. நோயுள்ள 100 பேரில் 80 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோயில்லாத 100 பேரில் 10 பேரை நோயாளி என்று தவறாகச் சொல்லும். இப்படிப்பட்ட ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம்.

முதலில், சாதாரண இருமலுடன் வரும் 1,000 பேருக்கு இதைச் செய்கிறோம். அவர்களில் உண்மையில் காசநோய் உள்ளவர்கள் 20 பேர். பரிசோதனை அவர்களில் 16 பேரைப் பிடிக்கும். எஞ்சிய 980 பேரில் 98 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக "நோய் உண்டு" என்று அறிக்கை பெறுவோர் 114 பேர். உண்மை நோயாளிகள் 16 பேர்தான். அதாவது ஏழு பேரில் ஒருவர்!

அடுத்து, நாட்பட்ட இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, ஐயத்துக்குரிய எக்ஸ்-ரே இவையெல்லாம் உள்ளவர்களையே மருத்துவர் தேர்ந்தெடுத்து 1,000 பேரை அனுப்புகிறார். அவர்களில் 400 பேருக்குக் காசநோய் உண்டு எனக் கொள்வோம். பரிசோதனை 320 பேரைப் பிடிக்கும். எஞ்சிய 600 பேரில் 60 பேரைத் தவறாகப் பிடிக்கும். அறிக்கை பெறும் 380 பேரில் 320 பேர் உண்மை நோயாளிகள். ஆறு பேரில் ஐவருக்கு மேல்!

பரிசோதனை ஒன்றே, அதன் சொல்லுக்கு உள்ள மதிப்பு மட்டும் மாறிவிட்டது. மாற்றியது எது? மருத்துவர் முன்னதாகக் கேட்ட கேள்விகளும் செய்த உடற்சோதனையுமே. முன்னறிவும் புதிய சான்றும் சேர்ந்தே முடிவின் உறுதியைத் தீர்மானிக்கின்றன என்னும் இந்தக் கணித விதி தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலப் பாதிரியாரின் பெயரால் வழங்குகிறது. அவர் இறந்த பின், 1763-இல் அது வெளியிடப்பட்டது.

ஈசினோபில் கணக்கு ஏன் வென்றது என்பதும் இப்போது விளங்கும். மதனப்பள்ளி மருத்துவர்களிடம் தெளிவான ஒரு கேள்வி இருந்தது: "காசநோய் போலத் தோன்றும் இவருக்கு வேறு ஏதாவது உண்டா?" அக்கேள்விக்கு உரிய சான்றாக ஈசினோபில்கள் அமைந்தன. எதிர்ப்பொருள் பரிசோதனையோ, "இவருக்கு இன்று நோய் உண்டா?" என்ற கேள்விக்கு "முன்பு சந்தித்ததுண்டு" என்று பதிலளித்தது. அது வேறொரு கேள்விக்கான பதில்.

விரலும் கடிகாரமும்

மார்பு நோயில் பெயரைப் போலவே கடுமையையும் அறிய வேண்டும். இங்கும் இரத்தம் உதவும். நிமோனியா நோயாளியின் இரத்தத்தில் யூரியா உயர்ந்தால், சிறுநீரகங்களுக்குப் போதிய இரத்தம் செல்லவில்லை என்று ஐயுறலாம். 2003 முதல் வழங்கிவரும் ஒரு மதிப்பெண் முறையில் ஐந்து கேள்விகள் உண்டு: அறிவு தடுமாறுகிறதா, யூரியா உயர்ந்திருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேலா, இரத்த அழுத்தம் வீழ்ந்ததா, வயது 65 அல்லது அதற்கு மேலா? ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் பரிசோதனைக்கூடத்தின் வேலை என்பதைக் கவனித்தீர்களா?

சிறு குழந்தைகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு. இருமலுடன் வரும் ஒரு வயது முதல் ஐந்து வயது வரையான குழந்தை, அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் நிமோனியா என ஐயுற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. கடிகாரம் ஒன்று போதும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" இதே வழியைப் பின்பற்றுகிறது. நோய் கண்டறியப்பட்டவுடன் உயரம், எடை, மூச்சு வேகம், இரத்த ஆக்சிஜன் அளவு, காலில் வீக்கம், பிடிமானமின்றி நிற்க இயலுமா என்பவற்றைப் பார்த்தே, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர்களைப் பிரித்தறிகிறார்கள். ஊசியால் ஒரு துளி இரத்தமும் எடுக்காமலே இது நடக்கிறது.

காசநோயை உறுதிசெய்ய இன்றும் சளிதான் முதன்மைச் சான்று. ஆனால் தேடும் முறை முன்னேறியிருக்கிறது. சளியிலுள்ள கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் கருவிகள் சில மணி நேரத்தில் விடை தருகின்றன. அவற்றுள் ட்ரூநாட் என்பது இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது; 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அதனை ஏற்றது.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரத்த அறிக்கையில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருப்பதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அதைக் காட்டி மருந்துக்கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கவும் வேண்டாம். மருத்துவர் இரத்தம் எடுக்கச் சொன்னால், "எதை அறிய இந்தச் சோதனை, ஐயா?" என்று பணிவுடன் கேளுங்கள். நல்ல மருத்துவர் அக்கேள்வியை வரவேற்பார். ஏனெனில் அவரும் தம்மைத் தாமே முதலில் கேட்டுக்கொண்டது அதையே.

சிந்தித்து விடை காண்க

1. நான்கு மூலைக் கட்டங்களில் மொத்தம் 240 வெள்ளணுக்கள் எண்ணப்பட்டன. ஒரு கன மில்லிமீட்டருக்கு எத்தனை? அவற்றுள் நூற்றுக்கு 30 ஈசினோபில்கள் எனில் அவற்றின் எண்ணிக்கை என்ன?

2. ஒருவரின் சி.ஆர்.பி. 160 மில்லிகிராம். சிகிச்சைக்குப் பின் புதிய புரதம் உண்டாவது அடியோடு நின்றுவிட்டால், 20 மில்லிகிராமாகக் குறைய ஏறத்தாழ எத்தனை மணி நேரம் ஆகும்?

3. கட்டுரையில் கூறிய அதே பரிசோதனையை, 1,000 பேரில் 5 பேருக்கு மட்டுமே நோயுள்ள ஓர் ஊரில் எல்லோருக்கும் செய்தால் "நோய் உண்டு" என்ற அறிக்கைகளில் எத்தனை உண்மையாக இருக்கும்? அப்படி எல்லோருக்கும் செய்வது தக்கதா?

4. இ.எஸ்.ஆர். உயர்ந்திருப்பதை மட்டும் வைத்து ஒருவருக்குக் காசநோய் மருந்து தொடங்கினால் விளையக்கூடிய இரு தீங்குகளைக் கூறுக.